ஒளிந்து வாழ்வதும் ஓட்டுக் கேட்பதும்

(பொம்மையார்பாளையத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நான் பேச வேண்டுமென்று இவ்வூர்த் தோழர்கள் குறித்துக் கொடுத்திருக்கும் விஷயம் சாதாரணமாக மேடைகளில் பேசப்படுகிற விஷயமல்ல. ஆணை விரும்பும் ஓர் ஆண், பெண்ணை விரும்பும் ஒரு பெண், அதை ஒளிக்காமல் நாலுபேர் அறியச் சொல்லிவிட்டு அரசியலில் இருக்கலாமா, ஜனங்களிடம் வந்து ஓட்டுக் கேட்கலாமா என்பதுதான் விஷயம். நோட்டீசைப் பார்த்துவிட்டுச் சிலர் சிரித்தார்களாம். வேறு சிலர், "தாய்மார்கள் வருகிற கூட்டத்தில் இதையெல்லாம் பேசலாமா?" என்று கேட்டார்களாம். தாய்மார்கள் இல்லாத இடத்தில் பேசினால்தான் தப்பு என்று நான் சொல்லுவேன். ஏனெனில், இந்த விஷயத்தில் உண்மையாக நஷ்டமடைகிறவர்களில் பாதிப்பேர் பெண்களே. அது எப்படியென்பதைப் பின்னால் சொல்லுகிறேன்.

நான் காலேஜில் படித்துப் பட்டம் பெற்றவனல்ல. கையில் கிடைத்த புத்தகத்தையும் பத்திரிகையையும் படித்து, புரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு பேசுகிறவன். ஆகையால் நான் சொல்வதில் கடினமான சங்கதி ஒன்றும் இராது.

இப்படிப்பட்டவர்களுக்கு நம் ஜனங்கள் வைத்திருக்கும் பெயர்களெல்லாம் வசவுப் பெயர்கள். சென்னை ஐகோர்ட்டு வற்புறுத்தியதன் பேரில் தமிழ்நாடு அரசாங்கமே 2022-ல் ஒரு சொற்பட்டியலைக் கெஜட்டில் வெளியிட்டது. அதன்படி இவர்கள் தன்பாலீர்ப்பாளர்கள். பிறக்கும்போது ஆண் என்று எழுதப்பட்டுப் பெண்ணாக வாழ்கிறவர்களைத் திருநங்கை என்று நாம் முன்னமே சொல்லி வருகின்றோம். இவ்விரண்டும் ஒன்றல்ல. தன்பாலீர்ப்புள்ள ஆண் ஆணாகவே இருக்கிறான். அவன் மனம் நாடுகிற இடம் மட்டும் வேறு. ஆனால் இரண்டு பேருக்கும் ஊரார் கொடுக்கும் தண்டனை ஒன்றுதான். அதனால் இரண்டு பேரையும் சேர்த்தே பேச வேண்டியிருக்கிறது.

ஒரு வாலிபரின் கதை

பம்பாய்க்காரரான அனீஷ் கவாண்டே என்பவர் ஒரு வாலிபர். அமெரிக்காவில் கொலம்பியா சர்வகலாசாலையிலும், பிறகு இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டிலும் படித்தவர். 2019-ம் வருஷத்துப் பார்லிமெண்டுத் தேர்தலின்போது இவரும் நண்பர்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். தேர்தலில் நிற்கும் மனிதர்களில் யார் யார் தன்பாலீர்ப்பாளர், திருநர் ஆகியோரின் உரிமையைப் பற்றி என்ன பேசியிருக்கிறார்கள், யார் ஆதரித்தார்கள், யார் இழிவாய்ப் பேசினார்கள், யார் வாயே திறக்கவில்லை என்று தேடி எடுத்து ஜாப்தா போட்டு வெளியிட்டார்கள். ஓட்டுக் கேட்க வருகிறவனுடைய பேச்சைக் குறித்து வைத்துக்கொள்வது எவ்வளவு நல்ல வழக்கமென்று பாருங்கள்!

பிறகு 2024 செப்டம்பரில், சரத்பவார் அவர்களுடைய தேசியவாதக் காங்கிரஸ் கட்சி இந்த வாலிபரைத் தன் அகில இந்தியப் பேச்சாளர்களில் ஒருவராக நியமித்தது. அப்போது அவருக்கு வயது 27. தாம் தன்பாலீர்ப்பாளர் என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை. இந்தியாவில் ஒரு பெரிய கட்சி, இப்படித் தம்மைப் பகிரங்கமாகச் சொல்லிக்கொண்ட ஒருவரைத் தன் வாயாக வைத்துக்கொண்டது அதுவே முதல் தடவை. அதே கட்சியைச் சேர்ந்த சுப்ரியா சூலே அம்மையார் 2022-ல், ஒரே பாலினத்தார் இருவர் மணம் செய்துகொள்ள இடம்கொடுக்கும்படி 1954-ம் வருஷத்து விசேஷ விவாகச் சட்டத்தைத் திருத்த வேண்டுமென்று பார்லிமெண்டில் தனி மெம்பர் மசோதாவும் கொண்டுவந்தார்.

இந்த நியமனத்தால் என்ன நடந்துவிட்டது என்று கேட்கலாம். கட்சியின் பேச்சாளர் விலைவாசியைப் பற்றிப் பேசுவார். விவசாயிகளின் கடனைப் பற்றிப் பேசுவார். எதிர்க்கட்சிக்காரருக்குப் பதில் சொல்லுவார். அதாவது, தன்பாலீர்ப்பாளர் என்றால் அந்த ஒரு சங்கதியைத் தவிர வேறொன்றும் தெரியாதவர் என்கிற எண்ணம் உடைகிறது. தாழ்த்தப்பட்டவன் சட்டசபைக்குப் போனால் தாழ்த்தப்பட்டவன் விஷயத்தை மட்டும்தான் பேசுவான் என்றும், பெண் போனால் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரியைப் பற்றி மட்டும்தான் பேசுவாள் என்றும் முன்பு சொன்னார்களல்லவா? அதே பேச்சுத்தான் இதுவும்.

ஆனால் ஒன்று கவனியுங்கள். பேச்சாளர் வேலை கட்சித் தலைவர் கொடுக்கிற வேலை. ஓட்டு என்பது ஜனங்கள் கொடுப்பது. தலைவர் கொடுத்ததைத் தலைவரே பிடுங்கிக்கொள்ளலாம். ஜனங்கள் ஓட்டுப்போட்டு அனுப்பியவரைத்தான் அவ்வளவு சுலபமாக வீட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே உண்மையான பரீட்சை ஓட்டுப் பெட்டியில்தான் இருக்கின்றது. அந்தப் பரீட்சைக்குப் போகுமுன், இவர்கள் வரக்கூடாதென்று சொல்லுகிறவர்களின் ஆட்சேபணைகளை ஒவ்வொன்றாய்ப் பார்ப்போம்.

இயற்கைக்கு விரோதமா?

முதல் ஆட்சேபணை, இது இயற்கைக்கு விரோதம் என்பது. இந்த வார்த்தை எங்கிருந்து வந்தது? 1860-ல் வெள்ளைக்காரன் போட்ட இந்தியன் பினல்கோடு 377-வது பிரிவிலிருந்து வந்தது. மெக்காலே என்ற துரை நகல் தயாரித்து, 1862 ஜனவரி முதல் அமுலுக்கு வந்த சட்டம் அது. இயற்கை ஒழுங்குக்கு மாறான சேர்க்கை என்று சொல்லி, பத்து வருஷம் வரையிலோ ஆயுள் வரையிலோ தண்டனை போடலாமென்று அதில் எழுதினான்.

இந்த ஊர்க்காரர்களுக்கு நான் வெளியூர் உதாரணம் காட்ட வேண்டியதில்லை. நம் பொம்மையார்பாளையத்துக்குத் தெற்கே முத்தியால்பேட்டை, வடக்கே காலாப்பட்டு. இரண்டும் புதுச்சேரியைச் சேர்ந்தவை. 1954 வரையில் அங்கே பிரெஞ்சுக்காரன் கொடி பறந்தது. நடுவிலுள்ள நம் ஊரில் இங்கிலீஷ்காரன் சட்டம். பிரெஞ்சு தேசத்தில் புரட்சி நடந்தபின், 1791-ல் எழுதப்பட்ட தண்டனைச் சட்டத்தில் இந்தக் குற்றத்தையே எடுத்துவிட்டார்கள். 1810-ல் எழுதிய சட்டத்திலும் அதைச் சேர்க்கவில்லை. வயது வந்த இருவர் மனமொத்து இருப்பது அவர்களுக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. ஆகவே முத்தியால்பேட்டையில் குற்றமில்லாத காரியம் பொம்மையார்பாளையத்தில் ஆயுள்தண்டனைக் குற்றம்; வடக்கே நடந்து காலாப்பட்டுக்குப் போய்விட்டால் மறுபடியும் குற்றமில்லை! கடல் ஒன்று, காற்று ஒன்று, மணல் ஒன்று, வலையில் விழுகிற மீனும் ஒன்று. இயற்கை மட்டும் சுங்கச்சாவடிக்குச் சாவடி மாறுமா? மாறியது வெள்ளைக்காரனுடைய காகிதமே தவிர இயற்கையல்ல.

அதைவிட வேடிக்கை என்னவென்றால், புதுச்சேரி 1962-ல் சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1963-ல் இந்தத் தண்டனைச் சட்டம் அங்கேயும் கொண்டுபோகப்பட்டது. அதாவது, இங்கிலீஷ்காரன் போய்ப் பதினாறு வருஷத்துக்குப் பிறகு அவனுடைய குற்றத்தை நாம் புதிதாய் ஓர் ஊருக்குக் கொடுத்தோம்! இங்கிலாந்தோ 1967-லேயே தன் நாட்டில் அந்தச் சட்டத்தைத் தளர்த்த ஆரம்பித்தது. எஜமான் கழற்றி எறிந்த விலங்கை நாம் பத்திரமாய்ப் பூட்டிக்கொண்டிருந்தோம். டில்லி ஐகோர்ட்டு 2009-ல் அதை அவிழ்த்தது. சுப்ரீம் கோர்ட்டு 2013-ல் திரும்பப் பூட்டியது. அதே சுப்ரீம் கோர்ட்டு 2018 செப்டம்பர் 6-ந் தேதி ஐந்து நீதிபதிகள் உட்கார்ந்து, வயது வந்தவர்கள் மனமொத்து இருப்பது குற்றமாகாதென்று தீர்ப்புச் சொல்லிற்று. 2024 ஜூலை முதல் அமுலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. உலகச் சுகாதார ஸ்தாபனமும் 1990-லேயே இதை வியாதிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. ஆகவே, குற்றமுமில்லை, வியாதியுமில்லை. இடது கையால் எழுதுகிறவன் சிலபேர் இருப்பதுபோல, எல்லாத் தேசத்திலும் எல்லா ஜாதியிலும் சிலபேர் இப்படி இருக்கிறார்கள். அவ்வளவுதான்.

மேல்நாட்டிலிருந்து வந்த நாகரிகம் இது என்று சொல்லுகிறவர்களுக்கும் இதுவே பதில். மேல்நாட்டிலிருந்து வந்தது இந்த மனிதர்களல்ல. இவர்களைத் தண்டிக்கும் சட்டந்தான்.

தர்மத்துக்கு விரோதமா?

இரண்டாவது ஆட்சேபணை சாஸ்திரம், தர்மம் என்பது. சாஸ்திரக்காரரை நான் கேட்கிறேன். விஷ்ணு மோகினியானார் என்பது யார் எழுதியது? சிவனுக்கும் அந்த மோகினிக்கும் பிள்ளை பிறந்தது என்று சொல்லி, கறுப்பு வேட்டி கட்டி, இருமுடி சுமந்து மலையேறுவது யார்? சாமி செய்தால் லீலை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அப்படி இருந்தால் பாபமா? கடவுளுக்கு ஒரு நியாயம், மனிதனுக்கு ஒரு நியாயமா?

நம் ஜில்லாவிலேயே முன்பு இருந்து, 2019 முதல் கள்ளக்குறிச்சி ஜில்லாவில் சேர்ந்துவிட்ட கூவாகத்தைப் பாருங்கள். சித்திரை மாதத்தில் கூத்தாண்டவர் திருவிழா. யுத்தத்தில் ஜெயிப்பதற்காக அரவானைப் பலிகொடுக்க வேண்டுமாம். சாகுமுன் அவனுக்குக் கல்யாணம் ஆக வேண்டுமாம். மறுநாள் தாலி அறுக்க எந்தப் பெண்ணும் சம்மதிக்காததால் கிருஷ்ணனே பெண்ணாகி அவனை மணந்தானாம். இந்தக் கதைக்காகத் திருநங்கைகள் எத்தனையோ ஊர்களிலிருந்து வந்து, பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அதை அறுத்தெறிந்து, வளையலுடைத்து, வெள்ளைப்புடவை கட்டிக்கொண்டு அழுகிறார்கள். அங்கே வருகிற திருநங்கையரை நான் குறை சொல்லமாட்டேன். வருஷம் முழுதும் துரத்தப்பட்டவர்கள், தங்களைப் போன்றவர்களைக் கண்டு நாலுநாள் பேசிச் சிரிக்க ஓரிடம் வேண்டுமென்று வருகிறார்கள். நான் கேட்பது பக்தர்களை. ஒரு ராத்திரிக்குச் சாமியின் பெண்ஜாதி என்று கும்பிடுகிற நீங்கள், மறுநாள் வாடகைக்கு வீடு கேட்டால் ஏன் கதவைச் சாத்துகிறீர்கள்? கோயில் கொடுத்த உரிமை ஒரு நாளைக்கு, அதுவும் விதவையாவதற்கு! நாம் கேட்பது மிச்சமுள்ள 364 நாளைக்கு.

சொந்த விஷயத்தை ஏன் மேடையில் சொல்ல வேண்டும்?

மூன்றாவது ஆட்சேபணைதான் கொஞ்சம் யோக்கியமான ஆட்சேபணை. "எப்படியோ இருந்துவிட்டுப் போகட்டும், அதைப் பத்துப்பேர் அறியச் சொல்லுவானேன்? அரசியலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று நல்லவர்களே கேட்கிறார்கள்.

மற்ற அரசியல்காரர்கள் என்ன செய்கிறார்கள்? பெண்ஜாதி பிள்ளைகளோடு படம் பிடித்துச் சுவரெல்லாம் ஒட்டுகிறார்கள். மகன் கல்யாணத்துக்குத் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, மந்திரிகளை அழைத்து, மைல் நீளத்துக்குப் பேனர் கட்டுகிறார்கள். அதெல்லாம் சொந்த விஷயமில்லையா? அவர் தம் குடும்பத்தை ஊருக்குக் காட்டலாம். இவர் தமக்கு ஒரு துணை உண்டென்று சொன்னால் மட்டும் ஒழுக்கக்கேடா?

அமெரிக்காவில் நடந்த ஒரு சங்கதியைக் கேளுங்கள். மாசசூசெட்ஸ் ராஜ்யத்தின் தலைநகரான பாஸ்டனில், எலைன் நோபிள் என்ற பெண்மணி 1974 நவம்பரில் ராஜ்யச் சட்டசபைக்கு நின்றார். அப்போது அவருக்கு வயது முப்பதுதான். தாம் பெண்ணை விரும்பும் பெண் என்பதை ஒளிக்கவில்லை. அவருடைய தேர்தல் காரியாலயத்து ஜன்னல்களை உடைத்தார்கள். ஆனாலும் ஜெயித்தார். அந்த நாட்டில் இப்படிப் பகிரங்கமாய்ச் சொல்லிக்கொண்டு நின்று ராஜ்யச் சட்டசபைக்குப் போனவர்களில் அவரே முதல்வர். போனதும் என்ன செய்தார்? அப்போது அந்த நகரத்தில் நீக்ரோக் குழந்தைகளையும் வெள்ளைக் குழந்தைகளையும் ஒரே பள்ளிக்கூடத்தில் சேர்த்துப் படிக்கவைக்க வேண்டுமென்று கோர்ட்டு உத்தரவு போட்டது. வெள்ளைக்காரர்கள் கறுப்புக் குழந்தைகள் வந்த பஸ்கள்மேல் கல்லெறிந்தார்கள். நோபிள் அம்மையார் அந்தக் குழந்தைகளோடு பஸ்ஸில் ஏறிப் போனார். தன்னை ஊர் கேவலமாய்ப் பார்த்த வலி தெரிந்தவருக்கே, இன்னொருவன் மேல் விழுகிற கல் எப்படி வலிக்குமென்று தெரியும்.

அதே சட்டசபையில் அப்போது இன்னொரு மெம்பர் இருந்தார். அவர் பெயர் பார்னி பிராங்க். அவரும் தன்பாலீர்ப்பாளரே, ஆனால் வெளியே சொல்லவில்லை. 1978-ல் தொகுதிகளைத் திருத்தி, மெம்பர்களின் எண்ணிக்கையை 240-லிருந்து 160-க்குக் குறைத்தபோது, அம்மையாரின் தொகுதியும் இவர் தொகுதியும் ஒன்றாகிவிட்டன. அம்மையார் நிற்காமல் விலகிக்கொண்டார். ஒளித்து வைத்தவர் மேலே போய் 1981-ல் தேசப் பார்லிமெண்டு மெம்பரானார். உண்மையைச் சொன்னவருக்குச் சட்டசபையில் நாலு வருஷம். மறைத்தவருக்கு உயர்ந்த பதவி. மறைக்கச் சொல்லி ஆசை காட்டுவது சமூகந்தான் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா? அந்தப் பிராங்கும் 1987-ல் தாமே உண்மையைச் சொன்னார். சொன்ன பிறகும் அவருடைய தொகுதி ஜனங்கள் அவரை 2013 வரையில் பார்லிமெண்டில் வைத்திருந்தார்கள். இத்தனை வருஷமாய் எதற்குப் பயந்தாரோ அது நடக்கவேயில்லை.

மின்னசோட்டா ராஜ்யத்தில் ஆலன் ஸ்பியர் என்ற சரித்திர ஆசிரியர் 1972-ல் செனட் சபைக்குப் போனார். 1974 டிசம்பரில் தம் விஷயத்தைப் பத்திரிகைக்குச் சொன்னார். அடுத்த தேர்தலிலும் ஜனங்கள் அவரையே அனுப்பினார்கள். 1993-ல் அந்தச் சபைக்கே தலைவரானார். தன்பாலீர்ப்பாளர் என்பதற்காக ஒருவனுக்கு வேலை கொடுக்கமாட்டேன், வீடு கொடுக்கமாட்டேன் என்று சொல்லக்கூடாதென்ற சட்டமும் அவ்வருஷமே அங்கே நிறைவேறிற்று. ஒளிந்திருந்தால் அந்தச் சட்டத்துக்காக அவர் வாய் திறந்திருக்க முடியுமா? "உனக்கென்ன இதில் இவ்வளவு அக்கறை?" என்று ஒருவன் கேட்டால் போதும், நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெளிப்படையாய் இருப்பது ஏன் அவசியமென்றால் இதற்காகத்தான். ஒளிந்திருக்கிறவனை மிரட்டலாம், பணம் பறிக்கலாம், தன்னைப் போன்றவர்களுக்கு எதிராகவே ஓட்டுப்போட வைக்கலாம். எல்லாரும் அறிந்ததைக் காட்டி எவனும் மிரட்ட முடியாது.

ஒளிவதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

தாய்மார்களே! முதலில் சொன்னதை இப்போது சொல்லுகிறேன். பெண்ணிடம் மனம் போகாத ஒரு வாலிபன் வீட்டில் சொல்லுகிறான். அல்லது சொல்லப் பயந்து மௌனமாயிருக்கிறான். பெற்றோர் என்ன செய்கிறார்கள்? "ஒரு கால்கட்டுப் போட்டால் சரியாய்ப் போய்விடும்" என்கிறார்கள். ஜோசியன் பத்துப் பொருத்தமும் பார்க்கிறான். மாப்பிள்ளை மனது பெண்ணிடம் போகுமா என்கிற பொருத்தம் மட்டும் அவன் பஞ்சாங்கத்தில் இல்லை. எவரோ ஒருவர் கடன் வாங்கி, நகை போட்டு, வளர்த்த பெண்ணைக் கொண்டுவந்து தள்ளுகிறார். அந்தப் பெண் தன்னிடம்தான் ஏதோ குறையென்று நினைத்து அழுகிறாள். இரண்டு வருஷம் கழித்து ஊர் அவளை மலடி என்கிறது. மாமியார் அரசமரம் சுற்றச் சொல்லுகிறாள். ஒருவனுடைய உண்மையை மறைப்பதற்காக ஒரு பாவமுமறியாத பெண்ணின் ஜீவியம் முழுவதும் திரைச்சீலையாக்கப்படுகிறது. இதற்குப் பெயர் மானமா? குடும்ப கௌரவமா?

பெண்ணை விரும்பும் பெண்ணின் கதி இதைவிட மோசம். அவளுக்கு வெளியே ஓடவும் வழியில்லை. மதுரைப் பக்கத்து இரண்டு இளம்பெண்கள் வீட்டாருக்குப் பயந்து சென்னைக்கு வந்து ஐகோர்ட்டில் பாதுகாப்புக் கேட்டார்கள். நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் அவர்கள் என்ன செய்தார்? இந்த விஷயத்தைப் பற்றித் தமக்குப் போதிய அறிவில்லையென்று சொல்லி, மனோதத்துவம் கற்றவரிடம் தாமே உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு 2021 ஜூன் 7-ந் தேதி உத்தரவில், இவர்களைக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லி எவரும் வைத்தியம் செய்யக்கூடாதென்று தடுத்தார். ஐகோர்ட்டு நீதிபதி படித்துத் தெரிந்துகொள்ள வெட்கப்படவில்லை. நமக்கு மட்டும் ஏன் வெட்கம்?

வேலூரில் 25 வயதுப் பெண் ஒருத்தியை, அவள் இன்னொரு பெண்ணோடு வாழ விரும்பியதற்காக, வீட்டார் பிடித்துக்கொண்டு போய் அடித்து, அவள் சரியாக வேண்டுமென்று சில சடங்குகளும் செய்தார்களாம். இதை அவளே ஐகோர்ட்டில் சொன்னாள். 2025 மே 22-ந் தேதி இரண்டு நீதிபதிகள் அவளைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லையென்று தீர்ப்பளித்தார்கள். மணம் ஒன்றினால்தான் குடும்பம் உண்டாகுமென்பதில்லை, மனத்தால் தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பமே என்றும் சொன்னார்கள். புரோகிதன் இல்லாத கல்யாணம் கல்யாணமே ஆகாது என்று ஒரு காலத்தில் கோர்ட்டுகள் சொல்லின. நம் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டம் வர 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எது குடும்பம் என்பதைச் சட்டம் எவ்வளவு மெதுவாய்க் கற்றுக்கொள்ளுகிறது என்பதை நம்மைவிட நன்றாய் அறிந்தவர் யார்? சுப்ரீம் கோர்ட்டோ 2023 அக்டோபர் 17-ந் தேதி, ஒரே பாலினத்தார் மணம் செய்துகொள்ளும் உரிமையைக் கோர்ட்டு கொடுக்க முடியாது, சட்டசபைகளும் பார்லிமெண்டும்தான் பார்த்துக்கொள்ள வேண்டுமென்று சொல்லிவிட்டது. அப்படியானால் விஷயம் எங்கே வந்து நிற்கிறது? ஓட்டில் வந்து நிற்கிறது! சட்டம் செய்கிற இடத்தில் அவர்களில் ஒருவர்கூட இல்லாவிட்டால் அவர்களுக்காகச் சட்டம் செய்வது யார்?

ஓட்டுப் பெட்டி சொல்லும் பதில்

ஜனங்கள் ஓட்டுப் போடமாட்டார்கள் என்பது கட்சிக்காரர்கள் சொல்லும் சாக்கு. இது உண்மையா என்று பார்ப்போம்.

1998-ல் அமைந்து 2003 வரை இருந்த மத்தியப்பிரதேசச் சட்டசபையில், சோஹாக்பூர் தொகுதியின் மெம்பராய் உட்கார்ந்தவர் ஷப்னம் மௌசி. திருநங்கை. வீட்டார் கைவிட்டதால் தம் போன்றவர்களோடு வளர்ந்தவர். இந்தியாவில் சட்டசபைக்குப் போன முதல் திருநங்கை அவரே. அதே மாகாணத்துக் கட்னி நகரத்தில் கமலா ஜான் மேயராக ஜெயித்தார். ஆனால் அந்தப் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டதென்றும், இவர் பெண்ணாகமாட்டாரென்றும் சொல்லிக் கோர்ட்டு அந்தத் தேர்தலைச் செல்லாதாக்கியது. ஜனங்கள் ஏற்றுக்கொண்டார்கள்; சட்டம் ஏற்கவில்லை.

2014 ஏப்ரல் 15-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, தான் ஆணா பெண்ணா மூன்றாம் பாலா என்பதைச் சொல்லும் உரிமை அவரவருக்கே உண்டென்று தீர்ப்புச் சொன்னது. அடுத்த வருஷம் ஜனவரியில் சத்தீஸ்கர் மாகாணத்து ராய்கர் நகரத்தில் மது என்ற திருநங்கை எந்தக் கட்சியும் இல்லாமல் மேயர் பதவிக்கு நின்றார். தாழ்த்தப்பட்ட ஜாதியில் பிறந்தவர். ரயிலில் பாட்டுப்பாடிக் காசு வாங்கிப் பிழைத்தவர். பெரிய கட்சிக்காரரைச் சுமார் 4,500 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். ஆக்ஸ்போர்டு படிப்பு இருந்தால்தான் வெளிப்படையாய் நிற்க முடியும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். தைரியம் சர்வகலாசாலையில் கொடுக்கிற பட்டமல்ல.

நம் தமிழ்நாட்டில் 2008-ல் திருநங்கைகளுக்கென்று நல வாரியம் ஏற்பட்டது. 2020 ஜனவரியில் எண்ணப்பட்ட ஊராட்சித் தேர்தலில், நாமக்கல் ஜில்லா திருச்செங்கோடு ஊராட்சி ஒன்றியத்துக்கு ரியா என்ற திருநங்கை தி.மு.க. சார்பில் நின்று மெம்பரானார். 2022 பிப்ரவரியில் வேலூர் மாநகராட்சியின் 37-வது வார்டில் கங்கா என்ற திருநங்கை அதே கட்சியின் சார்பில் ஜெயித்தார். இவர்களை அனுப்பியவர்கள் பெரிய படிப்பாளிகளல்ல. குழாயில் தண்ணீர் வரவேண்டும், தெருவிளக்கு எரியவேண்டும் என்று கேட்கிற உங்களைப் போன்ற ஜனங்களே. தண்ணீர் கொண்டுவருகிறவர் யாரை நேசிக்கிறார் என்பதா அவர்களுக்கு முக்கியம்?

ஆனால் திருநங்கைகள் வந்த இடத்துக்குத் தன்பாலீர்ப்பாளர் ஏன் இன்னும் வரவில்லை? நம் சட்டசபையில் அப்படித் தம்மைச் சொல்லிக்கொண்டு உட்கார்ந்த ஒருவரைப் பற்றியும் நாம் கேட்டதில்லை. இதற்குக் காரணம் இருக்கின்றது. திருநங்கை மறைக்க முடியாதவர். வீட்டைவிட்டுத் துரத்தப்பட்டு, தெருவில் நின்று, சங்கம் கூடி, போராடி உரிமை வாங்கினார். தன்பாலீர்ப்பாளரோ மறைக்கக்கூடியவர், ஆகையால் மறைக்கும்படி கட்டாயப்படுத்தப்படுகிறார். அவர் ஒவ்வொரு வீட்டிலும் தனித்தனியாய், ஒருவரை ஒருவர் அறியாமல் கிடக்கிறார். எண்ணிக்கை தெரியாத கூட்டத்துக்குக் கட்சிக்காரன் பயப்படமாட்டான். அதனால்தான் ஒரே ஒரு வாலிபர் எழுந்து "நான் இருக்கிறேன்" என்று சொல்வது பெரிய காரியமாகின்றது. அவர் பதவிக்காக மட்டும் எழுந்திருக்கவில்லை. திண்டிவனத்திலோ வானூரிலோ, ஏதோ ஒரு வீட்டு மூலையில், "உலகத்திலேயே இப்படிப்பட்டவன் நான் ஒருவன்தான்" என்று எண்ணி, கிணற்றையும் கயிற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும் பையன் ஒருவன் காதில் அது விழுகிறது. ஓர் உயிர் தப்பினாலும் அந்த அரசியல் லாபமான அரசியல்தான்.

நாம் செய்ய வேண்டியது

இவ்வளவும் கேட்டுவிட்டு, பாவம் என்று சொல்லிப் போய்விட்டால் பிரயோஜனமில்லை. அவர்கள் நம் இரக்கத்தைக் கேட்கவில்லை. இரக்கம் கொடுக்கிறவன் மேலேயும் வாங்குகிறவன் கீழேயும் நிற்கிற சாமான். அவர்கள் கேட்பது சமமான மரியாதை.

முதலாவது, உங்கள் வீட்டில் ஒரு பிள்ளை கல்யாணம் வேண்டாமென்று சொன்னால், காரணத்தைக் கோபிக்காமல் கேளுங்கள். மந்திரவாதியிடமும் தாயத்துக்காரனிடமும் கொண்டுபோகாதீர்கள். அடுத்த வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து அவள் தலையில் கட்டாதீர்கள்.

இரண்டாவது, நம் இயக்கத்துக் கூட்டங்களிலேயே எதிரியைத் திட்டுவதற்கு ஆண்மையில்லாதவன் என்றும், அதைவிடக் கேவலமான வார்த்தைகளையும் சிலர் உபயோகிக்கிறார்கள். ஜாதியைச் சொல்லித் திட்டினால் எவ்வளவு இழிவோ அவ்வளவு இழிவு இது. சுயமரியாதைக்காரன் வாயில் இது வரவே கூடாது.

மூன்றாவது, 2024-ல் மத்திய அரசாங்கமே, சேர்ந்து வாழும் தன்பாலீர்ப்பாளர் இருவரை ரேஷன் கார்டு விஷயத்தில் ஒரே குடும்பமாய்க் கருதலாமென்றும், பாங்கியில் கூட்டுக் கணக்கு வைத்துக்கொள்ளத் தடையில்லையென்றும் எழுதியிருக்கிறது. இது தாலுகா ஆபீசில் இருக்கிறவருக்கே தெரியாமலிருக்கலாம். தெரிந்த நாம் சொல்ல வேண்டும். கூடப் போய் நிற்க வேண்டும்.

நான்காவது, தேர்தல். 2025-ல் தமிழ்நாடு சட்டசபை, ஊராட்சிகளிலும் நகரசபைகளிலும் மாற்றுத்திறனாளிகளை நியமன மெம்பர்களாய்ப் போடச் சட்டம் செய்தது. தேர்தலில் நின்று ஜெயிக்க வசதியில்லாதவர்களுக்கும் சபையில் இடம் வேண்டுமென்பது அதன் தத்துவம். திருநருக்கும் அப்படி இடம் கொடு என்று கேட்பது நியாயமே. அடுத்த ஊராட்சித் தேர்தல் வரும்போது இவ்வூரில் ஓட்டுக் கேட்க வருகிற ஒவ்வொருவரையும், எந்தக் கட்சியானாலும், இரண்டு கேள்வி கேளுங்கள். "தன்பாலீர்ப்பாளருக்கும் திருநருக்கும் வேலை, வீடு, மரியாதை இவைகளில் சமத்துவம் உண்டென்று இந்தத் திண்ணையில் நின்று சொல்வாயா? உன் கட்சியில் அப்படி ஒருவர் நிற்க வந்தால் சீட்டுக் கொடுக்கச் சொல்லுவாயா?" அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பதில் சொல்லாமல் சிரித்தால், சிரித்தார் என்றே எழுதிவையுங்கள். ஐந்து வருஷத்துக்குப் பிறகு மறுபடியும் வருவாரல்லவா? அப்போது அதை எடுத்துப் படித்துக் காட்டலாம். பம்பாய் வாலிபர் பார்லிமெண்டுக்குச் செய்ததை நாம் பொம்மையார்பாளையம் ஊராட்சிக்குச் செய்ய முடியாதா? ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பென்சிலும் போதும்.

தோழர்களே! மனிதன் பிறப்பினால் இழிந்தவனல்ல என்று நாம் சொல்லி வருகிறோம். அந்த வார்த்தையை ஜாதிக்கு மட்டும் சொல்லி, மற்றதற்கு வேறு கணக்கு வைத்துக்கொண்டால் நம் கொள்கையை நாமே பாதியில் நிறுத்தினவர்களாவோம். நான் சொன்னேன் என்பதற்காக இதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் யோசியுங்கள், பெண்டுபிள்ளைகளோடும் பேசுங்கள், சரியென்று தோன்றினால் நடத்துங்கள், தப்பென்று தோன்றினால் அடுத்த கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.